கண்ணை மூடினால் கிடைப்பது

மனத்தை இந்தக் கணத்தில் நிறுத்தப் பழகினால் ‘உண்மையான நான்’ வெளிப்படும் என்கிற வாக்குறுதி இன்று மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. வேடிக்கைதான். இந்தப் பயிற்சியின் வேர் பௌத்தம். அங்கே நிலையான ‘நான்’ என்று ஒன்று கிடையாது. 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் இந்தப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்ததும் நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்காகத்தான். ஆனாலும் இந்தப் பயிற்சிக்கும் உண்மையான நானாக இருப்பதற்கும் தொடர்பே இல்லை என்று தள்ளிவிட முடியாது. உளவியலாளர்கள் மைக்கேல் கெர்னிஸும் பிரையன் கோல்ட்மனும் 2006இல் உண்மைத்தன்மையை நான்கு கூறுகளாகப் பிரித்தார்கள். முதலாவது, தன்னை அறிதல். இரண்டாவதுதான் கடினம்: அறிந்ததைப் பூசி மெழுகாமல் ஏற்பது. சக ஊழியரைக் கைதட்டிப் பாராட்டும்போது உள்ளே பொறாமை கிள்ளுகிறது. கவனித்துப் பழகியவர் அதைப் பொறாமை என்றே பார்க்கக்கூடும். பழகாதவர் ‘நியாயமான விமர்சனம்’ என்று பெயர் சூட்டிக்கொள்வார். மீதி இரண்டும், அதாவது நடத்தையும் உறவில் ஒளிவின்மையும், உட்கார்ந்த இடத்தில் வந்துவிடாது; அவற்றுக்கு நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டும். 2018இல் யோகென் கெபாவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், தியானத்துக்குப் பின் தற்பெருமை குறையவில்லை, கூடியது. எனக்கு வியப்பில்லை. காலையில் தியானம் செய்ததை ஒன்பது மணிக்குள் ஊருக்கே சொல்லிவிடும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் உண்டு.