பாட்டால் தீர்த்த கடன்

பிறந்த ஊரை விட்டு எப்பொழுது புறப்படுவோம் என்னும் ஏக்கம் மாணவப் பருவத்துக்கு இயல்பானது. பாடம் நடக்கையில் சாளரத்துக்கு வெளியே அலையும் கண்களைக் கண்ட ஆசிரியர் எவரும் இதனை அறிவர். அவ்வாறு புறப்பட்டுச் சென்ற ஒருவர், பாட்டு வற்றிய நாளில், தம் ஊரின் நினைவிலேயே மீண்டும் குரல் பெற்ற வரலாற்றை இவ்வாரம் கூற விரும்புகின்றேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கே, தைன் நதிக்கரையில் வோல்ஸெண்ட் என்றோர் ஊர் உண்டு. உரோமர் எழுப்பிய ஹேட்ரியன் மதிலின் கீழைக் கோடி அது; 'மதில் முடியும் இடம்' என்பதே பெயரின் பொருள். கப்பல் கட்டுதலே அவ்வூரின் உயிர்த்தொழிலாய் இருந்தது. 1912 இல் டைட்டானிக் மூழ்கியபோது, உயிர் தப்பியோரை ஏற்றிச் சென்ற கார்ப்பேத்தியா அங்கே கட்டப்பட்டதே. வீதியின் முடிவில், வீட்டுக் கூரைகளுக்கும் மேலாக, கட்டி முடியாத கப்பல் மலைபோல் நிற்கும். அது நீரில் இறங்கியதும் வானம் வெறுமையாகிவிடும்.

அவ்வூரில் 1951 இல் பிறந்தவர் கோர்டன் சம்னர். தந்தையார் வீடு வீடாகப் பால் கொடுப்பவர். விடியுமுன் எழுந்து அவருடன் பாற்போத்தல்களைச் சுமந்து சென்ற சிறுவன், வளர்ந்து சில காலம் ஆசிரியத் தொழில் புரிந்து, பின்னர் லண்டன் சென்று, 'ஸ்டிங்' என்னும் பெயரால் உலகப் புகழ் எய்தினான்.

1987 இல் தந்தையார் மரணப் படுக்கையில் கிடந்தார். இருவர் கைகளும் ஒன்றுபோலவே இருப்பதை மகன் சுட்டிக்காட்ட, "நீ உன் கைகளை என்னிலும் நன்றாகப் பயன்படுத்தினாய்" என்ற கருத்துப்படத் தந்தை கூறினாராம். அவர் வாயிலிருந்து மகன் கேட்ட முதற் பாராட்டு அதுவே! அக்காலத்திலேயே தாயையும் அவர் இழந்தார். ஆயினும் பெற்றோர் இருவரின் இறுதிச் சடங்குக்கும் அவர் செல்லவில்லை. வேலையில் மூழ்கித் துயரை மறக்க முயன்றார்.

அடக்கிய துயர் வாளா இருக்குமா? ஏறக்குறைய மூன்றாண்டுகள் அவரால் ஒரு பாட்டும் எழுத இயலவில்லை. ஈற்றில் மனம் பழைய வீதிக்கே திரும்பிற்று. நதியும், கப்பற்றளமும், தந்தையும் பாட்டாகப் பெருகினர். 1991 இல் 'த சோல் கேஜஸ்' என்னும் இசைத்தொகுதி வெளிவந்தது. அதிலே பில்லி என்றொரு சிறுவன் வருகின்றான். கப்பற்றளத் தொழிலாளியின் மகன். மதகுருமார் வந்து நிற்க, தந்தையைக் கடலிலே அடக்கஞ்செய்ய அவன் விழைகின்றான். அப்பகுதிக்கே உரிய நோர்தம்பிரியக் குழலிசையும் அதில் ஒலிக்கின்றது. ஈமக்கடன் செய்யத் தவறிய மகன், பாட்டினால் அக்கடனைத் தீர்க்க முயன்றார் என்றே அதனைக் கேட்குந்தோறும் எனக்குத் தோன்றும்.

2006 இல் அத்தளத்தின் கடைசிக் கப்பல், கட்டி முடியாமலே வேறிடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 2013 இல், மீண்டும் பல்லாண்டு மௌனத்தின் பின், ஸ்டிங் 'த லாஸ்ட் ஷிப்' என்னும் தொகுதியை வெளியிட்டார். அதன் பொருளும் அக்கப்பற்றளமே.

மாணவர்களே, புறப்படுங்கள், தடுப்பார் இல்லை. ஆனால் விடியற்காலையில் தந்தையாரோடு நடந்த வீதியை மட்டும் மறவாதிருங்கள். அழவேண்டிய நாளில் அழாது போனவர்க்கும், பின்னொரு நாள் அழுவதற்கு அவ்வீதி இடந்தரும்.