தண்ணி குடிச்சா எங்கிட்டுப் போக?

டி-மன்னோஸ் என்ற சர்க்கரைப் பொடியை ஆன்லைனில் ஆர்டர் போட்டால் கோவில்பட்டிக்கே வந்துவிடும். திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வரும் பெண்கள் தினமும் கரைத்துக் குடிக்கணுமாம். இந்த வியாபாரத்தோடுதான் எனக்குச் சண்டை.

ஐடியா அழகானது. ஈ.கோலை பாக்டீரியா தன் நுண்ணிய இழைகளின் முனையால் மூத்திரப்பையின் செல்களில் இருக்கும் மன்னோஸைப் பற்றிக்கொண்டு தங்குகிறது. சிறுநீரிலேயே மன்னோஸை மிதக்கவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். என்னைப் போன்ற எஞ்சினியர்கள் கேட்டவுடன் மயங்கும் லாஜிக். ஆனால் டெஸ்ட் பண்ணாமல் எதையும் புரொடக்‌ஷனில் போடாதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

பிரிட்டனில் டெஸ்ட் பண்ணினார்கள், அரசு ஆராய்ச்சிப் பணத்தில். 598 பெண்கள், 99 மருத்துவ மையங்கள், ஆறு மாதம், தினம் 2 கிராம். ஒரு பாதிக்கு மன்னோஸ், மறுபாதிக்கு ஃப்ரக்டோஸ். யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 2024இல் முடிவு வந்தது. மறுபடி தொற்று என்று மருத்துவ உதவி தேடியவர்கள் மன்னோஸ் பக்கம் 51 சதவீதம், ஃப்ரக்டோஸ் பக்கம் 55.7. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். (கிரான்பெர்ரிக்கு இதைவிட நல்ல ஆதாரம் உண்டு, அது வேறு கதை.)

2018இல் வெளியான இன்னொரு சோதனை, பல்கேரியாவில். அடிக்கடி தொற்று வரும் 140 பெண்கள், எல்லோரும் தினம் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிப்பவர்கள். பாதிப் பேரை இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்துக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று, மற்றவர்களுக்கு 3.2. பணம் போட்டது பாட்டில் தண்ணீர் விற்கும் டனோன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எங்கள் ஊர்ப் பெண்களிடம் போய்த் தண்ணி குடிங்க என்று சொல்லிப் பாருங்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த சித்தியிடம் நான் சொன்னேன். "குடிச்சா எங்கிட்டுடா போக?" என்றாள். காலையில் ஒரு டம்ளர், அப்புறம் வீடு திரும்பித்தான். பருத்தி எடுக்கப் போனால் சீமைக்கருவேல மறைவு உண்டு, அதுவும் ஆம்பளைங்க நடமாட்டம் பார்த்து. கரிசல் வெயிலில் வியர்த்துக் கொட்டும் உடம்பு மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சோதனையின் கன்ட்ரோல் குரூப்பிலேயே ஆயுள் முழுக்க இருக்கிறார்கள் இவர்கள்.

வேலை நேரத்தில் எப்போதும் போகக்கூடிய கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவே எழுதிவைத்தது. கரண்ட் இல்லாத இடத்தில் இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தச் சட்டத்தின் கணக்கில் பொதுவாக அது 'தொழிற்சாலை'யாகவே இருக்கவில்லை. வயலைப் பற்றிப் பேச்சே கிடையாது. 2021இல் தமிழ்நாடு கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரச் சட்டம் போட்டது, நல்லது. எழுந்து போவதற்கு?

பொடிக்கு நடத்திய மாதிரி இதற்கும் ஒன்று நடத்துங்கள். நாற்பது தீப்பெட்டி ஆபீஸ்களில் குலுக்கிப் போட்டு, இருபதில் இந்த வருடம் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை கட்டுங்கள். மீதி இருபதுக்கு அடுத்த வருடம். எத்தனை பேருக்கு நீர்க்கடுப்பு வந்தது என்று எண்ணுங்கள். கழிப்பறைக்குக்கூடவா ஆதாரம் வேண்டும் என்று கேட்பீர்கள். முதலாளியிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை.