சுவரில் தொங்கும் சோளக்கதிர்கள்

அமெரிக்காவில் பழைய சாமான் விற்கிற கடைகளில் ஒரு விநோதமான பொருளைப் பார்க்கலாம். கன்னங்கரேலென்று ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. அதில் வரிசையாக ஏழு குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு சோளக்கதிர் மாதிரி, மணி மணியாக இருக்கும். மக்காச்சோள மாவு ரொட்டி சுடுவதற்கான அச்சு அது. ஒரு காலத்தில் சமையலறையில் கிடந்த இந்தத் தட்டு இப்போது சேகரிப்பவர்களின் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. சேகரிக்கட்டும், தப்பே இல்லை. ஆனால் அதில் ஒரு தடவைகூட ரொட்டி சுடாமல் வைத்திருப்பதில் என்ன பெருமை?

இந்தத் தட்டுகளுக்குப் பெரிய கதை இருக்கிறது. பாஸ்டனைச் சேர்ந்த நதானியேல் வாட்டர்மன் 1859-லேயே குழித்தட்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு பென்சில்வேனியாவின் ஈரி நகரில் கிரிஸ்வோல்டு, ஒஹாயோவின் சிட்னி நகரில் வாக்னர் என்று இரண்டு நிறுவனங்கள் கொடிகட்டிப் பறந்தன. வாக்னரின் சோளக்கதிர்த் தட்டில் 1920 ஜூலை 6 என்ற காப்புரிமைத் தேதியே வார்க்கப்பட்டிருக்கும். கிரிஸ்வோல்டு செய்த டேனிஷ் கேக் தட்டைப் பார்த்தால் செட்டிநாட்டுக்காரர்கள் குழிப்பணியாரக் கல் என்றே நினைப்பார்கள். அதிலும் ஏழு குழிதான்! அலுமினியமும் ஒட்டாத பூச்சுப் பாத்திரங்களும் வந்தபின் வியாபாரம் படுத்தது. ஈரி ஆலை 1957-ல் மூடப்பட்டது.

சரி, ஏன் உபயோகிக்க வேண்டும்? காரணம் அந்த இரும்பிலேயே இருக்கிறது. வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடேறும், ஆனால் ஏறிய சூட்டை லேசில் விடாது. கொழுப்பு தடவிய தட்டை அடுப்புக்குள் வைத்து நன்றாகக் காயவிட்டு மாவை ஊற்றினால் 'சொய்ங்' என்று சத்தம் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் மொறுமொறுப்பான மேலோடு கிடைப்பது அந்தச் சூட்டால்தான். மெல்லிய தகரத் தட்டில் இது வராது.

இன்னொன்று. மெல்லிசாகப் பூசிய எண்ணெய் சூட்டில் கெட்டியான படலமாக மாறி இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. வேதியியல் பாடத்தில் வரும் பாலிமராக்கம்தான் இது. தோசைக்கல்லைப் 'பழக்குவது' என்று வீட்டில் சொல்வதும் இதைத்தான். சுடச் சுடத்தான் இந்தப் படலம் வலுவாகும். சோளமணிகளின் இடுக்கு சரியாகப் பழகாவிட்டால் ரொட்டி முழுசாக வராது, பிய்ந்துகொண்டுதான் வரும். ஆக, பளபளவென்று எண்ணெய் தடவிக் காட்சிக்கு வைத்த தட்டு சமையலுக்கு இன்னும் தயாராகாத தட்டு.

சேகரிப்பவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. 1942-ல் போருக்காக அமெரிக்கா முழுவதும் பழைய இரும்பு திரட்டினார்கள். அதற்கெல்லாம் தப்பிப் பிழைத்தவற்றைக் குப்பையிலிருந்து மீட்டவர்கள் இவர்கள்தான். போலியைக் கண்டுபிடிக்கவும் இவர்களே கற்றுக்கொடுக்கிறார்கள். அசல் தட்டையே அச்சாக வைத்து மறுபடி வார்த்தால், உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும். அதனால் போலி கொஞ்சம் சின்னதாக இருக்கும், எழுத்துகளும் மழுங்கியிருக்கும். துருவை நீக்க நெருப்பில் தூக்கிப் போடாதே, கோணிவிடும் அல்லது விரிசல் விடும் என்று எச்சரிப்பதும் இவர்கள்தான். இந்த அறிவு இல்லாவிட்டால் பல தட்டுகள் என்றோ பாழாகியிருக்கும்.

சுவரிலேயே இருக்க வேண்டிய தட்டுகளும் உண்டு. விரிசல் விட்டவை, மிக அரிதானவை அப்படித்தான். தூண்டில் குண்டு வார்க்க ஈயம் உருக்கிய பழைய இரும்புப் பாத்திரங்களும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஈயப் பரிசோதனை செய்யாமல் அதில் சமைக்கவே கூடாது.

மற்றவை அடுப்புக்குத் திரும்பட்டும். விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்தால் தட்டு மட்டும்தான் மிஞ்சும். மாவின் பதம், சூட்டின் அளவு, எப்போது கவிழ்க்க வேண்டும் என்கிற கைப்பக்குவம் எல்லாம் அதைச் சுட்டுப் பார்த்த பாட்டிகளோடு போய்விடும். தட்டை ஏலத்தில் எடுத்துவிடலாம். கைப்பக்குவத்தை எந்த ஏலத்தில் எடுப்பது?