உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர் யார்?



லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு சிறிய உவமை சொல்கிறார். கோபுரம் கட்ட விரும்பும் மனிதர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் வசதி இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க மாட்டாரா? அடித்தளம் போட்டுவிட்டு முடிக்க இயலாமல் நின்றால், பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏளனம் செய்வார்களே! சீடராக வாழ்வதன் விலையைப் பற்றித்தான் ஆண்டவர் அங்கே பேசுகிறார். ஆயினும் ஒரு நாட்டை ஆள்பவர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது. கொழும்பு இலகு ரயில் திட்டத்தின் கதையை நினைக்கும்போதெல்லாம் இந்த உவமை என் மனதில் எழுகிறது.

கொழும்புக் கோட்டையிலிருந்து பொரளை, ராஜகிரிய, பத்தரமுல்ல வழியாக அயல் நகரான மாலபே வரை, தூண்களின் மேல் செல்லும் 15.7 கிலோமீற்றர் பாதை; 16 நிலையங்கள்; ஏறத்தாழ அரை மணி நேரப் பயணம். இதுவே திட்டம். ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனத்துடன் 2019 மார்ச் மாதத்தில் முதற்கட்டக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வட்டி 0.1 சதவீதம். திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள். அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். 2020 செப்டம்பரில், இது செலவு கூடியது, கொழும்புக்குப் பொருத்தமற்றது என்று கூறி அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. ஜனாதிபதியின் செயலாளர் போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்கு எழுதிய கடிதத்தின் மூலமே நாடு இதை அறிந்தது.

"சுவாமி, மாலபேக்கு ரயில் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, பத்தரமுல்லயில் உள்ள அரச அலுவலகம் ஒன்றுக்கு அலைந்தவர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்! கல்வி அமைச்சு அங்கே. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் அங்கே. மாலபேயில் படிக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி ஒரு மணி நேரத்துக்கு மேல், அல்லது முச்சக்கர வண்டிக்கு ஒரு நாள் கூலி. வாகனம் உள்ளவருக்கு இது எரிச்சல். இல்லாதவருக்கு இது இழப்பு.

ரயில் இல்லாமையின் விலையை வடக்கில் வாழும் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணத்து ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் நோயாளிகளும் மாணவர்களும் சிறு வியாபாரிகளும் கொடுத்த விலை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அது செலவே அல்ல என்று ஆகிவிடுமா?

மறுபக்கத்தையும் நேர்மையோடு பார்ப்போம். திட்டத்தை எதிர்த்தவர்கள் எல்லாரும் தீய நோக்கம் கொண்டவர்கள் அல்லர். வட்டி குறைவானாலும் கடன் கடன்தான். முதன்மை ஒப்பந்தம் ஜப்பானிய நிறுவனங்களுக்கே செல்ல வேண்டும் என்பது அந்தக் கடனின் நிபந்தனை. அதே பணத்தில் நல்ல பஸ்கள் எத்தனை வாங்கலாம் என்று கேட்டவர்களும் உண்டு. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் நின்றது. அந்நேரம் தூண்கள் எழும்பியிருந்தால் அவையும் பாதியில் நின்றிருக்கும். ஜப்பானின் உதவியோடு நடந்த வேறு வேலைகள் அப்படித்தான் நின்றன. ஆகவே கைவிட்டது சரியே என்று ஒருவர் வாதிட்டால், அவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் என் கேள்வி வேறு. உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர் யார்? அந்தக் கணக்கு யாருக்குக் காட்டப்பட்டது? ரயில் கூடிய செலவு என்றால், அதற்குப் பதிலாக என்ன, அதற்கு எவ்வளவு? நம்மில் எத்தனை பேர் அந்தக் கணக்கைக் கண்டோம்? அதே காலத்தில், ராஜகிரியவிலிருந்து அத்துருகிரியவுக்குத் தலங்கம ஈரநிலத்தின் மேலாகத் தூண்களில் ஓர் அதிவேகப் பாதை அமைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. ரயிலுக்குத் தூண் வீண்செலவு, காருக்குத் தூண் அபிவிருத்தியா? அப்படியானால் எந்தக் கணக்கின்படி?

நாம் இந்த உவமையை "தொடங்காதே, எச்சரிக்கையாயிரு" என்ற பொருளில் மட்டுமே வாசிக்கிறோம். நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை முறித்ததால், ஆலோசகர்களுக்கான கொடுப்பனவாகப் பல கோடி ரூபாய்ச் சுமை அரசின் மேல் விழுந்தது. ஒரு மீற்றர் தண்டவாளமும் கிடைக்கவில்லை. நட்பு நாட்டின் நம்பிக்கையும் தளர்ந்தது. 2023 மே மாதத்தில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க ஜப்பானுக்குச் சென்று வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 2024 ஜூலையில் ஜப்பான் இடைநிறுத்தியிருந்த திட்டங்களுக்குக் கடனுதவியை மீண்டும் தொடங்கியபோது, இலகு ரயில் அவற்றுள் இருக்கவில்லை. இந்தச் செலவையெல்லாம் கட்டுபவர் கடிதம் எழுதியவர் அல்லர். பால்மா வாங்கும் ஒவ்வொரு தாயும் தன் வரிப்பணத்தில் கட்டுகிறாள். மன்னாரிலும் கட்டுகிறாள், மட்டக்களப்பிலும் கட்டுகிறாள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் 153ஆம் பத்தியில், நகர வாழ்வின் தரம் போக்குவரத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்று எடுத்துரைத்து, பொதுப் போக்குவரத்துக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என்ற கருத்தை நினைவூட்டுகிறார். நெரிசலில் மக்கள் மதிப்பின்றி நடத்தப்படுவதையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். பஸ்ஸா, ரயிலா என்று திருச்சபை தீர்ப்புச் சொல்வதில்லை. அது துறைசார்ந்தவர்களின் வேலை. ஆனால் எந்த முடிவும் பொது நலனுக்காக, மக்களுக்குக் கணக்குக் காட்டி எடுக்கப்பட வேண்டும் என்று கேட்பது நம் விசுவாசத்தின் கடமை.

இந்தக் கடமையை நம் பங்குகளிலிருந்தே தொடங்குவோம். துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும் மண்டபங்கள் எத்தனை! ஒரு பங்குத்தந்தை தொடங்கியதை அடுத்தவர் நிறுத்துகிறார். காரணம் கேட்டால் பதில் இல்லை. குருக்களாகிய நாங்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பங்கு மக்கள் முன் கணக்கை விரித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றினால்தான், நாட்டை ஆள்பவர்களிடமும் அதைக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு யாராவது உங்கள் வாசலுக்கு வந்து, புதிய பாதை, புதிய பாலம் என்று வாக்குறுதி தந்தால் இரண்டே கேள்விகள் கேளுங்கள். கட்டுவதற்கு எவ்வளவு? கட்டாமல் விட்டால் யாருக்கு எவ்வளவு? இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவரே உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர். அத்தகைய தலைவர்களை இறைவன் நமக்குத் தரவும், அவர்களை இனங்காணும் தெளிவை நமக்கு அருளவும் மன்றாடுவோம்.