புருவம் ஏற்றும் ரண சிகிச்சை

நமது பத்திரிகையை நெடுநாளாய் வாசித்து வரும் ஓர் அம்மையார் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 46. பள்ளிக்கூட உபாத்தியாயினி. சில வருஷங்களாகத் தமது புருவங்கள் இரண்டும் இறங்கி இமையின் மேல் கவிழ்ந்துவிட்டதாகவும், வகுப்பிலுள்ள பிள்ளைகள் "டீச்சர், ஏன் கோபமாய் இருக்கிறீர்கள்?" என்று கேட்பதாகவும், கோபமில்லை என்று தினந்தோறும் சொல்லிச் சொல்லி மெய்யாகவே கோபம் வந்துவிடுவதாகவும் எழுதுகிறார். இதற்காகப் புருவத்தை மேலே ஏற்றும் ரண சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசித்ததில் அவருக்கு இரண்டு புத்திமதிகள் கிடைத்தனவாம். ஒன்று, ஓர் அழகு வைத்திய நிலையத்தின் துண்டு விளம்பரம். "ஒரே நாளில் பத்து வயது குறையும், தன்னம்பிக்கை பெருகும்" என்று அதில் அச்சிட்டிருக்கிறது. மற்றொன்று அவருடைய மாமனார் சொன்னது. "பிரமன் எழுதிய நெற்றியில் கத்தி வைப்பதா?" என்கிறாராம் அவர். இவ்விரண்டில் எதைக் கேட்பது என்பது அம்மையாரின் கேள்வி.

இரண்டையும் கேட்க வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நாம் சும்மாயிருந்துவிட்டால் அது மூன்றாவது குருட்டுப் புத்திமதியாகிவிடுமாதலால், விஷயத்தைச் சற்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் பிரமன் எழுத்தை முடித்துவிடுவோம். இந்த ரண சிகிச்சையின் பழைய முறையில் ஒரு காதிலிருந்து மறு காது வரையில் உச்சந்தலையின் குறுக்கே தோலைக் கீறி, அதைப் புருவம் வரையில் கீழே மடித்து இறக்கி, உள்ளே வேண்டியதைச் செய்து, மறுபடி மேலே இழுத்துத் தைப்பார்கள். உலகமெங்கும் எத்தனையோ நெற்றிகள் இவ்வாறு திறக்கப்பட்டாய்விட்டன. அடியில் இருப்பது எலும்பேயொழிய எழுத்தல்ல. சுடுகாட்டு மண்டையோட்டில் கோணல்மாணலாய்த் தெரியும் கோடுகளைத்தான் நம்மவர்கள் தலையெழுத்து என்று காட்டி வந்தார்கள். அவை குழந்தையின் மூளை வளர வளர மண்டை விரிந்து கொடுப்பதற்காக எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் இணைப்புகள். தோட்டி முதல் தொண்டைமான் வரையில் எல்லார் மண்டையிலும் அதே கோடுகள்தான். எழுதியவன் ஒரே வாசகத்தை எல்லோருக்கும் எழுதிவிட்டு ஒருவனுக்கு மாடியும் ஒருவனுக்குத் தெருவும் கொடுத்தான் என்றால் அந்தக் கணக்கை மாமனார்தான் விளக்க வேண்டும். பிறந்த பிள்ளையின் காதில் துளையிடுவதும், பெண்ணின் மூக்கைக் குத்துவதும், கடவுள் கொடுத்த நரையை மையிட்டு மறைப்பதும் பிரமன் வேலையில் கை வைப்பதல்லவாம். நெற்றிக்கு மட்டும் தனிச் சட்டமாம்!

நிற்க, நெற்றியில் கத்தி வைப்பது நமது தேசத்துக்குப் புதிதுமல்ல. 1792-ம் வருஷத்து மைசூர் யுத்தத்தில் இங்கிலீஷ் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்டார். பூனாவுக்கருகில் ஒருவர் அவருடைய நெற்றித் தோலையே இலைபோல் வெட்டித் திருப்பி இறக்கி மூக்கு செய்து கொடுத்தார். இச்சங்கதி 1794-ம் வருஷம் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மாகசின்' பத்திரிகையில் படத்தோடு வெளியாயிற்று. அதைப் பார்த்துத்தான் கார்ப்யூ என்ற இங்கிலீஷ் வைத்தியர் 1814-ல் தாமும் அப்படிச் செய்தார். பூனாவில் அதைச் செய்தவர் செங்கல் சுடும் ஜாதிக்காரர் என்று அப்பத்திரிகையே சொல்லுகிறது. நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்ததாகச் சொல்லிக் காசு வாங்கிய கூட்டத்தார் அல்ல.

இனி விளம்பரத்தைக் கவனிப்போம்.

புருவத்தைத் தூக்கும் தசை நெற்றியில் ஒன்றே ஒன்று. கீழே இழுக்கும் தசைகளோ பல. முகஞ்சுளிப்பதும், கண்ணை இடுக்குவதும், இரு புருவங்களுக்கும் நடுவில் கோடு விழச் செய்வதும் அவற்றின் வேலை. தூக்குகிற தசையும் புருவத்தின் வெளி முனை வரையில் போய்ச் சேருவதில்லை. ஆகையால் வயதாகித் தோல் தளரும்போது முதலில் சரிவது அந்த வெளி முனைதான். சரிந்த தோல் பார்வையை மறைக்கவே, அதை விலக்குவதற்காக நெற்றித் தசை ஓயாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். நெற்றியில் குறுக்குக் கோடுகள் ஆழமாய் விழுவதற்கும், சாயங்காலத்தில் சிலருக்கு நெற்றி கனத்து வலிப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

ஆதலால் ஒருவர் முதலில் அறிய வேண்டியது, இறங்கியிருப்பது புருவமா, இமைத்தோலா என்பதே. கண்ணாடி முன் உட்கார்ந்து கண்ணை மூடி, நெற்றியைத் தளரவிட்டு, மெதுவாகக் கண்ணைத் திறந்து, புருவத்தின் வெளிப்பக்கத்தை விரலால் சிறிது மேலே நகர்த்திப் பார்க்கலாம். கண்ணின் மேலுள்ள கனம் போய்விட்டால் குற்றம் பெரும்பாலும் புருவத்தினுடையது. போகாவிட்டால் இமையினுடையது. சிலருக்கு இரண்டும் இருக்கும். புருவம் இறங்கியவருக்கு இமைத்தோலை மட்டும் வெட்டியெடுத்தால், இதுவரை தூக்கிப் பிடித்திருந்த நெற்றித் தசை வேலை தீர்ந்ததென்று ஓய்ந்து, புருவம் இன்னும் இறங்குவதும் உண்டு. இதைப் பார்க்காமல் "இமையா? இன்ன தொகை. புருவமா? இன்ன தொகை" என்று விலைப்பட்டியலை நீட்டுகிற இடத்தில் உட்காரவே வேண்டியதில்லை. ஒரு பக்கத்துப் புருவம் மட்டும் திடீரென்று இறங்கிப் போனாலோ அது அழகு விஷயமே அல்ல. முக நரம்பு நோயாயிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காதுக்குக் காது கீறும் முறையை மேலே சொன்னோம். அதில் நெற்றி சிறிது உயர்ந்து போகுமாதலால், ஏற்கெனவே அகன்ற நெற்றியுள்ளவர்களுக்கு மயிர் துவங்கும் வரம்பிலேயே கீறுகிறார்கள். வழுக்கைத் தலையும் ஆழ்ந்த கோடுகளும் உள்ள வயோதிகர்களுக்குப் புருவத்தின் மேலேயே தோலை எடுத்துத் தைப்பதும் உண்டு, தழும்பு கோட்டில் மறையும். 1990-க்குப் பின் பரவிய முறையில் மயிருக்குள்ளே மூன்று முதல் ஐந்து வரையில் சிறு துளைகள் மட்டும் செய்து, நுனியில் விளக்கும் படக்கருவியுமுள்ள எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, நெற்றியின் சதையை எலும்பினின்று பிரித்து மேலேற்றி, தையலாலோ சிறு திருகாணியாலோ பிடிக்க வைக்கிறார்கள். எல்லாம் மயக்க மருந்தின் கீழ் ஒன்று இரண்டு மணி நேர வேலை. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊசி மருந்தால் நெற்றிச் சுருக்கம் போக்குவது வேறு சங்கதி. அதில் கத்தியும் இல்லை, மூன்று நான்கு மாதத்துக்கு மேல் அது நிற்பதும் இல்லை.

"ஒரே நாளில்" என்று விளம்பரம் சொல்லுகிறதே, அந்த நாளுக்குப் பிந்திய நாட்களை நாம் சொல்லுகிறோம். இரண்டாம் மூன்றாம் நாளில் நெற்றியின் வீக்கமும் ரத்தக் கன்றலும் கண்ணுக்கு இறங்கும். யாரோ அடித்துவிட்டது போல இமைகள் கறுத்து வீங்கிச் சிலருக்குக் கண் திறப்பதே கஷ்டமாகும். தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். சாதாரண வேலைக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரமாகும். பளு தூக்குவதும் கடின வேலையும் சுமார் ஒரு மாதத்துக்குக் கூடாது. உச்சந்தலை மரத்துப்போய், சீப்பு பட்டாலும் வேறொருவர் தலையில் படுவது போலிருக்கும். நரம்பு மீளும்போது அரிப்பு எடுக்கும். அது மாதக் கணக்கில் நீடிக்கலாம், சிலருக்குச் சிறிது மரப்பு நிலைத்தே விடலாம். முதலில் புருவம் அளவுக்கு மேல் ஏறி, எப்போதும் ஆச்சரியப்பட்டவர் போலத் தோன்றும். பிறகு சில மாதங்களில் தாழ்ந்து நிற்கும். கைதவறி அதிகமாய் ஏற்றிவிட்டால் அந்த ஆச்சரியம் நீங்காமலே இருந்துவிடுவதும் உண்டு. கோபக்கார டீச்சர் திடுக்கிட்ட டீச்சராவதில் லாபமில்லை.

தீங்குகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தோலுக்கடியில் ரத்தம் தேங்குதல், சீழ் பிடித்தல், கீறிய இடத்தில் மயிர் உதிர்தல், ஒரு புருவம் ஏறி மற்றொன்று தங்குதல், பொட்டுப் பக்கத்து நரம்பு அடிபட்டுப் புருவம் அசையாமல் போதல் ஆகியவை நேரலாம். நரம்புச் சேதம் பெரும்பாலும் தற்காலிகம். அபூர்வமாய் நிரந்தரம். இமைத்தோலையும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கண் முழுதும் மூடாமல் வறண்டு எரிவதுண்டு. புகை பிடிக்கிறவர்களுக்குப் புண் சரியாய் ஆறாது, பல வாரம் முன்னதாகவே விட வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டுமேயொழியத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இவ்வளவும் பட்டுக் கிடைப்பது சாசுவதமா என்றால், அல்ல. பலன் சில வருஷங்களுக்கு நிற்கும். ஆனால் மேலேற்றிய தோலுக்கும் வயதாகிக் கொண்டேயிருக்கும். கன்னமும் கழுத்தும் இருந்தபடியே இருக்கும். பத்து வயது எந்த இடத்திலிருந்து குறைந்தது என்பதை விளம்பரக்காரரே தேடிக் காட்டட்டும்.

இவ்வளவு சொன்னதால் நாம் அழகுக்கான ரண சிகிச்சையையே கேலி செய்கிறோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்தக் கேலி பெரும்பாலும் ஆண்களிடமிருந்தே வருகிறது, அதில் யோக்கியதையும் இல்லை. பாரிஸ் நகரத்தில் சூசன் நோயல் என்ற பெண் வைத்தியர், முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்தவர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர், அழகு ரண சிகிச்சையின் சமூகப் பயனைப் பற்றி 1926-ல் ஒரு புஸ்தகமே எழுதினார். உழைத்துப் பிழைக்கிற பெண்ணை முகத்தில் சுருக்கம் விழுந்ததும் வேலையை விட்டுத் தள்ளுகிற உலகத்தில், அந்தச் சுருக்கத்தை நீக்குவது அவளுக்குச் சோறு என்பது அவர் வாதம். பிரான்சில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்ததோ 1944-ல்தான்.

நமது நாட்டிலும் இதைவிடக் கனமான திருஷ்டாந்தம் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற வைத்தியர் 1940-களின் கடைசியிலிருந்து குஷ்ட நோயால் மடங்கிப்போன கைகளை ரண சிகிச்சையால் நிமிர்த்தி வந்தார். கை சரியாகி, நோய் அடங்கி வெளியே போனவர்களுக்கும் வேலை கிடைக்கவில்லை. ஏன்? குஷ்டத்தில் புருவ மயிர் உதிர்ந்துபோகும். புருவமில்லாத முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்கள். ஆகவே அவர்கள் தலைமயிரோடு கூடிய தோலை நெற்றிக்குக் கொண்டுவந்து பதித்துப் புருவமும் செய்ய வேண்டியதாயிற்று. அது தலைமயிரானதால் வளர்ந்துகொண்டே போகும், கத்தரிக்க வேண்டும். சிலர் தங்களுக்குப் புருவம் வந்த பெருமையில் வெட்டாமலே நீள விட்டார்களாம். இதை வீண் அலங்காரம் என்று சொல்லத் துணிகிறவன் யார்?

வேலூரில் திருத்த வேண்டியிருந்தது நோயாளியின் முகத்தை மட்டுமா? கதவைச் சாத்தியவனுடைய புத்தியையும்தான். அது கத்திக்கு எட்டாததால் முகத்தைத் திருத்தினார்கள். நமது உபாத்தியாயினி அம்மையாரின் விஷயத்திலும் நாம் கேட்பது இதுதான். பார்வை மறைகிறதா? பக்கப் பார்வையும் மேல் பார்வையும் எவ்வளவு மறைகின்றன என்று கண் வைத்தியர் அளந்து சொல்லுவார். புருவத்தை ஒட்டுத் துணியால் தூக்கி ஒட்டி ஒருமுறையும், ஒட்டாமல் ஒருமுறையும் அளப்பார்கள். மறைவது மெய்யானால் தயங்கவே வேண்டாம், அது கண்ணுக்குச் செய்யும் வைத்தியம். அழகுக்காகச் செய்வதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுப்பதில்லை. அவசியம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் கேட்டுப் பார்க்க இடமுண்டு. பார்வை மறையவில்லை, ஆனால் தம் மனதிலில்லாத கோபத்தை முகம் சொல்லுகிறது, அதை மாற்ற வேண்டும் என்று அவரே விரும்பினால், அது அவர் முகம், அவர் சம்பளம், அவர் இஷ்டம். மாமனாருக்கும் நமக்கும் அதில் ஓட்டுக் கிடையாது. வீட்டிலுள்ளவர்களோ மேலதிகாரியோ "கிழவியாகிவிட்டாய்" என்று சொல்லுவதற்காகச் செய்துகொள்ளுவதாயிருந்தால் மட்டும் நிறுத்தி யோசிக்க வேண்டுகிறோம். ஆணின் நெற்றிக் கோட்டுக்கு அனுபவம் என்றும் பெண்ணின் நெற்றிக் கோட்டுக்கு வயோதிகம் என்றும் பேர் வைத்தவர்கள், புருவம் ஏறினால் அடுத்த மாதம் கழுத்தைப் பார்ப்பார்கள்.

செய்துகொள்ளுவதென்று தீர்மானித்தால், செய்கிறவர் பிளாஸ்டிக் ரண சிகிச்சையில் எம்.சி.எச். போன்ற மேற்பட்டம் பெற்றவரா, மெடிகல் கவுன்சிலில் பதிவானவரா, புருவ வேலை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்க வேண்டும். கேட்டதற்குக் கோபிக்கிறவரிடம் தலையைக் கொடுக்கக் கூடாது. முன் படம், பின் படம் என்று காட்டினால் விளக்கு வெளிச்சத்தையும் முகபாவத்தையும் கவனியுங்கள். முன் படத்தில் முகஞ்சுளித்தும் பின் படத்தில் பவுடர் பூசிச் சிரித்தும் இருந்தால் பாதி வேலையைப் படக்காரர் செய்திருக்கிறார்.

அம்மையார் காலாண்டு லீவு ஒரு வாரத்துக்குள் இதை முடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் திரும்பிவிடலாம் என்று எழுதியிருக்கிறார். அது போதாது. கன்றிய கண்ணோடு போனால் பிள்ளைகள் கேட்கும் கேள்வி முன்னதைவிடப் பொல்லாததாயிருக்கும். கோடை லீவு வரையில் பொறுத்திருந்து, அதற்குள் கண் வைத்தியரைப் பார்த்து, கண் வறட்சி உண்டா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளும்படி தெரிவித்துக் கொள்ளுகிறோம்.