மே மாதச் சென்னைக்கு என்ன உடுத்தி வருவது?

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் சென்னைக்கு விருந்தாளிகள் வரத்து தொடங்கிவிடும். கபாலீசுவரர் கோயில், புனித ஜார்ஜ் கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும், கடல் கடந்தும்கூடக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மயிலாப்பூரில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு, அவர்கள் உடுத்தி வரும் துணியைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கனத்த ஜீன்ஸ், காலை இறுக்கிப் பிடிக்கும் லெக்கின்ஸ், பாலியெஸ்டர் டாப்ஸ், குழந்தைக்கு நெட் வைத்த கவுன். ஊருக்குப் புறப்படும்போது, "சென்னை வெயில் ஆளையே உருக்கிவிட்டது" என்பார்கள். வெயில் பாதி, துணி பாதி என்பேன் நான்.

வேலூரில் மே மாதம் சென்னையைவிடச் சூடு அதிகமாக இருக்கும் நாட்கள் உண்டு. ஆனால் அங்கே வியர்த்தால் காய்ந்துவிடும். இங்கே காயாது. வியர்வை வெளியே வந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாகிப் போனால்தான் குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை போக வழியில்லாமல் தோலிலேயே தங்குகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்தால் சூடு கொஞ்சம் இறங்கும், புழுக்கம் கூடும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று பிந்தும். அன்றைக்குத்தான் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதைப் பார்த்தவர்கள் நாங்கள். இப்படிப்பட்ட ஊரில் உடம்புக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பது துணி ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

என் முதல் சொல் பருத்தி. பருத்தி நூல் தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் 1 சதவீதம்கூட வாங்காது. அதனால்தான் பாலியெஸ்டர் சட்டைக்குள் வியர்வை வழிந்து ஓடுகிறது. விளையாட்டுக்கென்று வரும் செயற்கை இழை பனியன்கள் சீக்கிரம் காயுமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். உண்மைதான். காற்று முகத்தில் அடிக்க ஓடுகிறவருக்கு அது சரி. காற்றே புகாத கோயில் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிறவருக்கு அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் எளிதில் போகாது.

பருத்தி என்றால் எல்லாப் பருத்தியும் இல்லை. ஜீன்ஸும் பருத்திதான். ஆனால் அழுத்தமாக நெய்த அந்தத் துணி ஒருமுறை நனைந்தால் மாலை வரை ஈரத்தைச் சுமக்கும், இரவில் துவைத்துப் போட்டால் காலையில் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருக்கும். வேண்டியது மல்மல், வாயில் போன்ற மெல்லிய துணி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே கண் தெரிய வேண்டும். கடைக்காரர் 'காட்டன்' என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, ஒரு தட்டின் மேல் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலும் இருக்கும், நெருடுகிற கட்டியும் இருக்கும்.

வெளித்துணி பருத்தியாக இருந்தும் ஏமாறுகிற இடம் உள்ளே இருக்கிறது. போன கோடையில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண், "அக்கா, இது சுத்தமான கைத்தறிதான், ஆனாலும் ஏன் இப்படி வேகிறது?" என்று ஒரு சுடிதாரோடு வந்தார். உள்பக்கம் திருப்பினேன். கழுத்திலிருந்து முழங்கால் வரை வழுவழுவென்று பாலியெஸ்டர் லைனிங். அக்குளில் அது நனைந்து காய்ந்து வெள்ளை உப்புக் கோடு போட்டிருந்தது. லைனிங்கைப் பிரித்து எடுத்துவிட்டு, மார்புப் பகுதிக்கு மட்டும் மல்மல் வைத்துக் கொடுத்தேன். ஆர்ம்ஹோலை அரை அங்குலம் இறக்கி, பக்கவாட்டுத் திறப்பை இடுப்பு வரை ஏற்றினேன். மறுநாள் அதையே போட்டுக்கொண்டு திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் வரை போய்வந்து, இதே மாதிரி இன்னும் இரண்டு தைத்துக் கேட்டார். அளவெடுக்கும்போது பலரும் "கொஞ்சம் பிடித்தே தையுங்கள்" என்கிறார்கள். சென்னைக் கோடைக்குப் பிடித்துத் தைத்த உடை ஆகாது. துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நடமாட இடம் வேண்டும்.

அந்த விதத்தில் வேட்டிக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியாது. கட்டத் தெரியாதவர்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி வந்துவிட்டது. கோயிலுக்கும் பொருந்தும், கடற்கரைக்கும் பொருந்தும். வேட்டி கட்டி வந்தவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடாததால் எழுந்த கொதிப்பில், 2014-ல் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. வேட்டிக்காக இனி யாரும் எந்தப் பொது இடத்திலும் தயங்க வேண்டியதில்லை. பெண்கள் சேலை கட்டினால் மெல்லிய பருத்தியும் பாப்ளின் உள்பாவாடையும் போதும். சாட்டின் உள்பாவாடை வேண்டாம். நிறத்தில், இளநீலமும் சாம்பலும் வியர்வைத் திட்டை உடனே காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் சிறு கட்டங்களும் மறைக்கும்.

பையில் கட்டாயம் ஓர் ஈரிழைத் துண்டு வையுங்கள். துடைக்கலாம், தலையில் போட்டுக்கொள்ளலாம், கோயிலிலும் சாந்தோம் தேவாலயத்திலும் தோளை மூடிக்கொள்ளலாம். அலசிப் பிழிந்து போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். காலுக்கு, கயிறு கட்டாத, சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. கோயில் கல்தளம் பத்து மணிக்கெல்லாம் சுடத் தொடங்கிவிடும் என்பதால் தரிசனத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னையின் வரலாற்றைப் பார்க்க வருகிறவர்கள் பார்க்கும் பாதி இடங்கள் இந்தத் துணியால் வந்தவை. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம், இங்கே நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. கோட்டை எழுந்ததே அந்த வியாபாரத்துக்காக. கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்தது வண்ணாரப்பேட்டை. நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்த 1734-ல் உண்டானது சிந்தாதிரிப்பேட்டை. இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இன்றும் அதைத் தங்கள் சடங்குத் துணியாகப் போற்றுகிறார்கள். 1960-களில் அமெரிக்க மாணவர்கள் மெட்ராஸ் கட்டச் சட்டையைத் தேடி வாங்கினார்கள். அந்தத் துணியின் ஊருக்கே வருகிறவர் ஞெகிழி இழையைப் போர்த்திக்கொண்டு வியர்த்து நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கும் அதே பாந்தியன் சாலையில்தான் கோ-ஆப்டெக்ஸும் இருக்கிறது. 1935-ல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அது. பார்த்துவிட்டு வரும் வழியில் ஒரு சேலையோ வேட்டியோ வாங்கினால் அது நெசவாளர் வீட்டுக்கும் உதவும்.

விருந்தாளிக்காவது தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. அவர்களை வாசலில் வரவேற்கிற காவலாளிக்கு அது இல்லை. பையைச் சோதிக்கிறவர், வாகன நிறுத்தத்தில் சீட்டு கிழிக்கிறவர், துணிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்கள், இவர்களில் பெரும்பாலோர் உடலில் இருப்பது கனத்த கலப்புத் துணிச் சீருடை. சுருக்கம் விழாது, சாயம் போகாது, நீண்ட நாள் உழைக்கும் என்று வாங்கிக் கொடுக்கிறார்கள். அக்குளிலும் இடுப்பிலும் வேர்க்குரு வெடித்து, பெல்ட் போடும் இடத்தில் தோல் உரிந்து, சீருடையைக் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொல்லி என் கடைக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். தையலைப் பிரித்து ஓர் அங்குலம் விடலாம். அந்தத் துணியை நான் என்ன செய்ய முடியும்?

சீருடைக்கு ஆர்டர் கொடுக்கிற அதிகாரிகளுக்கும் முதலாளிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கோடைக்கு முன்னால், மார்ச் முதல் செப்டம்பர் வரைக்கென்று தனியாக மெல்லிய பருத்திச் சீருடை கொடுங்கள். கொஞ்சம் கசங்கும், கசங்கட்டும். வாங்குமுன் நீங்களே அந்தத் துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, மே மாத மதியம் ஒரு மணி நேரம் வாசலில் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.