அசைந்தது யார்? - முழங்கால் ஸ்கேனும் ஒரு வரி ரிப்போர்ட்டும்

கபடியில் முட்டி திருகிக்கொண்ட பையன், பைக்கில் இருந்து விழுந்தவர், பனியன் கம்பெனி டெய்லர்... தாராபுரத்தில் இருந்து திருப்பூருக்கோ கோவைக்கோ பஸ் ஏறிப் போய், பணத்தைக் கட்டி, அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் காலை நீட்டிப் படுத்துவிட்டு வருகிறார்கள். ரிப்போர்ட்டில் ஒரு வரி: "நோயாளி அசைந்ததால் படம் தெளிவாக இல்லை." முடிந்தது கதை! இன்னொரு நாள் லீவு, இன்னொரு பஸ், சில இடங்களில் இன்னொரு கட்டணம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு லீவு என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. சனிக்கிழமை சம்பளத்தில் அது தெரியும்.

அசைந்தது உண்மையாகவே இருக்கலாம். வலிக்கிற காலோடு, தடதடவென்று சத்தம் போடும் மிஷினுக்குள் படுத்தவர் அசையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது அநியாயம்.

எம்.ஆர்.ஐ. என்பது போட்டோ மாதிரி 'க்ளிக்' சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு வரிசைப் படத்துக்கும் சில நிமிடங்கள் சிக்னலைத் துண்டு துண்டாகச் சேகரித்து, கடைசியில் மொத்தமாகக் கணக்குப் போட்டுத்தான் படம் வருகிறது. அதனால் நடுவில் சில விநாடி அசைந்தாலும் அது ஒரு மூலையில் நிற்பதில்லை. ஆவி மாதிரி ஒரு திசையில் படம் முழுக்கப் பரவுகிறது. அந்தத் திசைக்கு ஃபேஸ் என்கோடிங் திசை என்று பெயர். அதைத் தேர்வு செய்வது நோயாளி அல்ல, மிஷினை இயக்குபவர்!

இன்னும் வேடிக்கை, முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பாப்லிட்டியல் ரத்தக்குழாய். மனிதர் கல் மாதிரி கிடந்தாலும் அது துடிக்கும். அதன் ஆவி உருவம் மெனிஸ்கஸ் மேல் விழுந்தால் கிழிசல் போலவே தெரியும். பக்கவாட்டுப் படத்தில் அந்தத் திசையை முன்-பின் என்பதிலிருந்து மேல்-கீழாக மாற்றினால் ஆவி மூட்டைத் தாண்டிப் போய்விடும். சில சமயம் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இதயம் துடித்ததற்கும் நோயாளிதான் பொறுப்பா?

திருப்பூரில் நிட் துணியை ரோலில் இருந்து எடுத்த கையோடு கட்டிங் டேபிளில் வெட்டுவதில்லை. விரித்துப் போட்டு, இழுவை தளர்ந்த பிறகுதான் கத்தி வைப்பார்கள். அவசரப்பட்டு வெட்டி அளவு சுருங்கினால், 'துணி அசைந்துவிட்டது' என்று பையருக்கு எழுத முடியுமா? சரக்கு ரிஜெக்ட் ஆகும், நஷ்டம் கம்பெனிக்கு. துணிக்குக் காட்டுகிற பொறுமையை மனுஷன் காலுக்குக் காட்டக் கூடாதா?

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முட்டியைச் சுற்றி ஸ்பாஞ்ச் திணித்து காயிலுக்குள் இறுக்கமாக வைப்பது, கணுக்காலில் மணல் மூட்டை, காதுக்கு அடைப்பான், வலி அதிகம் என்றால் டாக்டரிடம் கேட்டு முன்னாடியே மாத்திரை, முக்கியமான படத்தை வலி ஏறுவதற்குள் முதலில் எடுப்பது. "இப்போ நாலு நிமிஷம், அசையாதீங்க அண்ணா" என்று தமிழில் சொல்வது. கலங்கிய வரிசையை அவர் இறங்குவதற்கு முன்பே பார்த்து, அதை மட்டும் திரும்ப எடுப்பது.

காசு செலவழிக்கத் தயார் என்றால் 1999-ல் ஜேம்ஸ் பைப் வெளியிட்ட ப்ரொப்பெல்லர் முறை இருக்கிறது. சிக்னலைச் சுழலும் பட்டைகளாக எடுத்து, அசைவைக் கண்டுபிடித்துத் திருத்தும். 2018-ல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்களும் ஃபேஸ்புக்கும் தொடங்கிய ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. திட்டம், முழங்கால் ஸ்கேன்களை வைத்தே, குறைந்த சிக்னலில் முழுப் படம் எடுக்கக் கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுத்தது. நேரம் குறைந்தால் அசைவும் குறையும். ஆனால் மிச்சமாகும் பத்து நிமிடம் எங்கே போகிறது? அடுத்த டோக்கனுக்கு! வேகம் விற்கப்படுவது 'ஒரு நாளைக்கு எத்தனை கேஸ்' என்ற கணக்கில்தான்.

பி.காம். பாடத்திலேயே வரும் வழக்கு இது: இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா, 1995. காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் கலங்கிய படமும் குறையுள்ள சேவையா என்று கேட்கலாம் அல்லவா? திசையை மாற்றிப் பார்த்தார்களா, ஸ்பாஞ்ச் வைத்தார்களா, திரும்ப எடுத்துப் பார்த்தார்களா என்பதையும் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் எழுதட்டும். எதையுமே செய்யவில்லை என்றால் இரண்டாவது ஸ்கேனுக்கு பில் போடக் கூடாது. பஸ் காசையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.